வாசல் பெஞ்சிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுகிறேன். 'அன்புள்ள' என்று எழுதிவிட்டு, அதை அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். பழக்க தோஷம், கை தானாக எழுதிவிட்டது. இருந்து தொலையட்டும். இங்கே நான், இவர், குட்டி மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க இன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ முதலில் அழுவாய். நீ அழுதால் நானும் அழுவேன். அப்புறம் இரண்டு பேரும் மூக்கைச் சிந்திக்கொண்டு, குட்டியின் படிப்பைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவோம். விஷயம் அப்படியே கிடக்கும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. முழுக்கப் படி. இதற்குப் பிறகு உன்னோடு பேச்சு வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த நிமிஷம் கேட்டால், வேண்டாம்.

எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இவர் குடிப்பது நாலு வருஷமாக உனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. குடியை விட நினைக்கிறவர்களின் கூட்டம் நடக்கிற இடமும் உனக்குத் தெரியும். நான் தெருத்தெருவாக அலைந்து தேடினேனே, அதே இடம்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரியாமல் நடந்ததும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

இந்த வருஷம் மழை தொடங்கிய சமயம், இவருடைய டூல் பெட்டியில் ஸ்பானர்களுக்கு அடியில் குட்டியின் பழைய தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். முயல் படம் போட்டது, நீ வாங்கிக் கொடுத்ததுதான். மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். நான் சலவைக் கடையில் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். வருகிற துணியை மோந்து, கறை என்ன, எண்ணெயா மையா மருந்தா என்று பிரித்துப் போடுகிற வேலை. என் மூக்குதான் எனக்குச் சம்பளம் வாங்கித் தருகிறது. அதில் இருந்தது தண்ணீர் இல்லை என்று சொல்ல எனக்கு யாரும் தேவையில்லை.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். நினைவிருக்கிறதா? அதிர்ச்சியில் வாயடைத்துப் போய்விட்டாய் என்று நினைத்து நானே உனக்கு ஆறுதல் சொன்னேன். என்ன கொடுமை பார்! அப்புறம் நீ மெதுவாக, இந்த மாதிரி குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசுகிற கூட்டமெல்லாம் நடக்கிறதாம், உங்கள் பக்கம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடிப் பார் என்றாய். தேடிப் பாராமே! வழி தெரிந்தவள், வாசல் தெரிந்தவள், உள்ளே எத்தனை ஜன்னல் என்று தெரிந்தவள், என்னைத் தேடிப் பார் என்றாய்.

நானும் தேடினேன். நம் டாக்டரம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டு ஒரு விலாசம் வாங்கினேன். போய்ப் பார்த்தால் அங்கே பல் ஆஸ்பத்திரி. கூட்டம் எப்போதோ இடம் மாறிவிட்டதாம், எங்கே என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பல் டாக்டர் என் வாயைத் திறக்கச் சொல்லாமல் விட்டதே பெரிது. இரண்டாவதாக ஒருவர் சொன்ன இடத்துக்குப் போனால், வட்டமாக நாற்காலி போட்டு ஆணும் பெண்ணுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அம்மாள் எழுந்து பேசினாள். கையை அடக்க முடியவில்லை, அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறேன், வீட்டுக்காரரிடம் பொய் சொல்கிறேன், நாளைக்கு விட்டுவிடுவேன் என்று தினமும் சத்தியம் செய்கிறேன் என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று இவர் கையைப் பிடித்து அழுத்தினேன். கடைசியில் எடை பார்க்கிற இயந்திரத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். அது உடம்பு இளைக்க நினைக்கிறவர்களின் கூட்டம் அக்கா! அந்த அம்மாள் ஒளித்து வைத்தது பிஸ்கட். என்னையும் ஏற்றி நிறுத்தி எடை பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். அன்றைக்கு வெளியே வந்து நானும் இவரும் தெருவில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம். எத்தனையோ நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தோம். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புத்தான் எனக்கு அதிகமாக எரிகிறது.

ஏனென்றால் அத்தனை நாளும் வண்டி ஓட்டியது யார்? இவர்தான். நான் பின்னால் உட்கார்ந்து வழி சொல்லச் சொல்ல, 'இந்தப் பக்கம் இருக்குமோ, அந்தச் சந்தில் இருக்குமோ' என்று என்னையே கேட்டுக்கொண்டு ஓட்டினார். கூட்டம் நடக்கிற அந்த டிரைவிங் ஸ்கூல் வாசலை எத்தனை தடவை தாண்டியிருப்போம்! ஒரு தடவை சிக்னலில் அதற்கு நேர் எதிரே நின்றோம். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. கல்லுளிமங்கன்.

கடைசியில் நான்தான் கண்டுபிடித்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். டிரைவிங் ஸ்கூல் மாடியில், வகுப்பு முடிந்த பிறகு அந்த அறையை இவர்களுக்கு விடுகிறார்கள். சுவர் முழுக்க சாலைக் குறியீடுகள், மேசையில் அக்கக்காகப் பிரித்து வைத்த கியர் பெட்டி. கதவருகில் மப்ளர் சுற்றிய ஒரு பெரியவர், டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பேர் கேட்டேன், இங்கே பேர் வேண்டாம்மா என்றார். அதனால் எனக்கு அவர் மப்ளர்காரர். எங்களைப் பார்த்ததும் கும்பிட்டு, வாங்க வாங்க, முதல் தடவையா என்று கேட்டார். என்னிடம் சர்க்கரை எவ்வளவு போடட்டும் என்றார். இவரிடம் கேட்கவில்லை. சர்க்கரை போடாத டீயை நீட்டினார். இவர் வீட்டிலும் சர்க்கரை போடாமல்தான் குடிப்பார். பெரியவருக்கு என்ன அனுபவம், முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறாரே என்று நான் மெய்சிலிர்த்துப் போனேன். என்னை மாதிரி ஒரு முட்டாளை நீ பார்த்திருக்க மாட்டாய். இல்லை, நீ பார்த்திருக்கிறாய், நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய்.

நானும் உள்ளே வரலாமா என்று கேட்டேன். மன்னிக்கணும்மா, குடிப் பிரச்சினை இருக்கிறவங்க மட்டும்தான் உள்ளே உட்காரலாம், பெத்த தாயா இருந்தாலும் வெளியேதான் என்றார். சரி என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். வாரா வாரம் உட்கார்ந்தேன். மடியில் குட்டியின் சட்டையை வைத்துப் பொத்தான் தைத்துக்கொண்டு, உள்ளே இவர் குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த சாலைக் குறியீடுகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். இன்றைக்கு எனக்கு லைசென்ஸ் கொடுத்துவிடலாம்.

இவரும் மாறினார், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். முகத்தில் தெளிவு வந்தது. வேலை முடிந்தால் நேராக வீடு. உனக்குத்தான் தெரியுமே, லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சாக்குக்கா பஞ்சம்? லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது, ஆள் மாட்டிக்கொண்டார்கள் என்பார். இந்த ஊரில் உள்ள லிஃப்டெல்லாம் சொல்லி வைத்தாற்போல் சாயங்காலம்தான் நிற்கும். இப்போது ஒரு லிஃப்டும் நிற்பதில்லை. நான் உனக்குப் போன் செய்து பெருமை அடித்துக்கொண்டேன். நான் கண்டுபிடித்த இடம் அக்கா, எப்படி வேலை செய்கிறது பார் என்றேன். "நீ கெட்டிக்காரிடி" என்றாய். எப்படி அக்கா உனக்கு வாய் வந்தது?

அப்புறம் போன வாரம் குடும்பத்தோடு வரச் சொல்லிக் கூட்டம் போட்டார்கள். எப்போதாவது அப்படி ஒன்று வைப்பார்களாம், அன்றைக்கு யார் வேண்டுமானாலும் உள்ளே உட்காரலாம். குட்டியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, என் கல்யாணத்துக்கு நீ பரிசாகக் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். முன் வரிசை. இவர் எழுந்து நின்று பேசினார். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வழக்கமாம். சொன்னார். நாலு வருஷத்துக்கு முன்னால் குடித்துவிட்டு வண்டியிலிருந்து விழுந்தாராம். நாய் குறுக்கே வந்தது என்று என்னிடம் சொன்னாரே, அந்த விபத்து. அந்த நாயை நான் வைத வசவு கொஞ்சமா நஞ்சமா! பாவம், அப்படி ஒரு நாயே பிறக்கவில்லை.

அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனது நீ லேபில் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு. இவர் ரத்தத்தைப் பரிசோதித்தது நீ. ரத்தத்தில் எவ்வளவு சாராயம் இருந்தது என்று இவர் பெண்டாட்டிக்கு முன்னால் உனக்குத் தெரிந்தது. நீ திட்டவில்லையாம், அடுத்த வாரம் இவர் கையைப் பிடித்து அந்த மாடிப்படி ஏற்றிக் கூட்டிப் போனாயாம். "எனக்கு இந்த வாசலைக் காட்டினது என் மனைவியோட அக்கா. பயப்படாதீங்கன்னு சொல்லி என் பக்கத்துலயே உட்கார்ந்தாங்க. அவங்க இல்லேன்னா நான் இல்லை" என்று இவர் அழுதார். ஒரு வருஷம் போல ஒழுங்காகப் போனாராம். அப்புறம் விட்டுவிட்டாராம், திரும்பவும் குடித்தாராம். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். முன் வரிசையில் உட்கார்ந்துகொண்டு வேறென்ன செய்ய?

வெளியே வந்து கேட்டேன், ஏன் என்னைத் தேட விட்டீர்கள் என்று. பழைய இடத்துக்குத் திரும்பிப் போக வெட்கமாக இருந்தது, நீ கூட்டிக்கொண்டு போனால் புதிதாகத் தொடங்கினது மாதிரி இருக்கும் என்று நினைத்தேன் என்றார். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் இவரைத் தெரியும். அத்தனை பேரும் எனக்காக, இவரைப் புதிதாகப் பார்ப்பது மாதிரி நடித்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, யார் வந்தார்கள் யார் போனார்கள் என்று சொல்லக்கூடாது என்பது அவர்கள் சட்டம். இவர் மேல் கோபம் இருக்கிறது. ஹாலில் தனியாகப் படுக்கிறார், படுக்கட்டும். குடிகாரர் பொய் சொல்வார், அது வியாதியோடு சேர்ந்தது என்று மப்ளர்காரர் சொன்னார். சரி, ஒத்துக்கொள்கிறேன். நீ என்ன வியாதியில் பொய் சொன்னாய்?

நீ வெளியூருக்கு வேலை மாறிப் போன பிறகு நான் எத்தனை தடவை உனக்குப் போன் செய்தேன்! இவர் மேல் ஒரு வாடை வருகிறது அக்கா என்றேன். மெஷின் எண்ணெய் வாடையாக இருக்கும் என்றாய். எண்ணெய் வாடை எனக்குத் தெரியாதா அக்கா என்றேன். "சும்மா சந்தேகப்படாதேடி, சந்தேகம் குடியைக் கெடுத்துடும். உன் மூக்குக்கு எல்லாமே கறைதான்" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் அதை நம்பினேன். எனக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கடையில் துணியைக் கையில் எடுத்தால், இது நிஜமாகவே வாடையா இல்லை நானாக நினைத்துக்கொள்கிறேனா என்று பக்கத்து மேசைப் பெண்ணிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள ஆரம்பித்தேன். முதலாளியம்மா கூப்பிட்டு, என்ன ஆச்சு உனக்கு, முன்னெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பாயே என்றாள். நீ என் தலையில் மிளகாய் அரைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. என் மூக்கையே என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாய்.

அம்மா போன பிறகு என்னைக் குளிப்பாட்டித் தலை சீவிவிட்டவள் நீ. நீ சொன்னால் சூரியன் மேற்கே உதிக்கும் என்று நம்புகிறவள் நான். அதனால்தான் உன்னால் முடிந்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் போடா போடி என்றிருப்பேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். அதென்ன உனக்கு மட்டும் தனி மரியாதை? கட்டின பெண்டாட்டி என்னை, பெற்ற தாயாக இருந்தாலும் வெளியேதான் என்று சொல்லி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். உன்னை மட்டும் உள்ளே விட்டு இவர் பக்கத்தில் நாற்காலி போட்டார்களாம். ஆஸ்பத்திரி ஆள் என்று சொல்லிக்கொண்டாயா? எங்கே போனாலும் நீதான் பெரிய மனுஷி.

போதும். கை வலிக்கிறது. இனி நீ எனக்குப் போன் செய்ய வேண்டாம். குட்டிக்குப் பிறந்த நாளுக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம். பெரியம்மா எங்கே என்று கேட்டால் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன். பொய் சொல்ல இந்த வீட்டில் நல்ல பயிற்சி கிடைத்திருக்கிறது.

இப்படிக்கு,
உன் தங்கை

---

அக்கா,

மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். தபால்பெட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். அதற்குள் வேறு ஒன்று நடந்துவிட்டது. உறையைப் பிரித்து இதையும் சேர்க்கிறேன். முன்னால் எழுதியதில் ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை, அதெல்லாம் அப்படியே நிற்கிறது.

நேற்று கடைக்கு ஒரு லேபிலிருந்து மூட்டையாக வெள்ளைக் கோட்டுகள் வந்தன. புது வாடிக்கை. நான்தான் பிரித்தேன். ஒவ்வொன்றாக எடுத்து மோந்தேன். மருந்து நெடி இருந்தது, வியர்வை இருந்தது, கைப்பட்டையில் ஊதாச் சாயக் கறை இருந்தது. ஸ்பிரிட் வாசனை ஒன்றில்கூட இல்லை. எப்படி இருக்கும்? ஸ்பிரிட் பட்டால் ஊதுவதற்குள் காய்ந்துவிடும், துணியில் தங்காது. இது எங்கள் கடையில் புதிதாகச் சேர்கிற பெண்ணுக்குக்கூட முதல் வாரத்தில் தெரிந்துவிடும். அந்த வாசனை தங்குவது மனுஷ மூச்சில்.

கையிலிருந்த கோட்டை இன்னொரு தடவை மோந்து பார்த்தேன்.

உன் மேல் எப்போதும் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். இந்த ஊரில் வேலை பார்த்தபோது நீ ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் இருந்துகொண்டு லீவு நாளில் எங்களைப் பார்க்க வருவாய். வந்து என்னைக் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் அடிக்கும். லேப் வாசனைடி, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது என்பாய். எனக்கு அது பிடிக்கும். அக்கா வாசனை என்று நினைத்துக்கொள்வேன். ஊரில் உள்ளவர்கள் சட்டையையெல்லாம் மோந்து குற்றம் கண்டுபிடிக்கிற நான், உன்னிடம் மட்டும் என் மூக்கைக் கேட்கவே இல்லை.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. உன்னை அந்த அறைக்குள்ளே உட்கார வைத்தார்களே, எப்படி? ஆஸ்பத்திரி ஆள் என்றாலும் விட மாட்டார்கள். உள்ளே உட்காருகிற தகுதி ஒன்றே ஒன்றுதான். இவரைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன்னாலேயே அந்த வாசல் உனக்குத் தெரிந்திருந்தது. அது உன் கூட்டம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன், அக்காவுமா என்று. முகம் வெளுத்துப் போய்விட்டது. தன் கதையை மட்டும்தான் சொல்லலாம், பக்கத்து நாற்காலியில் யார் இருந்தார்கள் என்று சொல்லக்கூடாதாம். நன்றி சொல்கிற வேகத்தில் வாய் தவறிவிட்டாராம். அன்றைக்கே கூட்டம் முடிந்ததும் மப்ளர்காரர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ உன் சட்டையைக் கழட்டு, அடுத்தவங்க சட்டையை ஏன்யா கழட்டினே" என்று வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். என் கேள்விக்கு இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அழுதார். எனக்கு அது போதும். இவரைக் கோபித்துக்கொள்ளாதே. கோபித்துக்கொள்ள உரிமை இருக்கிறவள் நான், நான் கோபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று இப்போது புரிகிறது. இவரைக் காட்டிக் கொடுத்தால், உனக்கெப்படி அந்த இடம் தெரியும் என்று நான் கேட்பேன். அதற்குப் பயந்துதான் என்னைச் சந்தேகப் பிசாசு ஆக்கினாய். உன் குட்டு வெளிப்படக்கூடாது என்று என் புத்தியைப் பேதலிக்க வைத்தாய். புரிகிறது என்றால் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. நேற்றைவிட இன்றைக்குத்தான் வயிறு அதிகமாக எரிகிறது.

இவருக்கு நீ கை கொடுத்தாய். உன்னை யார் அக்கா கைப்பிடித்து அந்தப் படியில் ஏற்றினார்கள்? தனியாகவா போனாய்? என் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். உனக்காக அந்த பெஞ்சில் ஒரு நாள் உட்கார எனக்குக் கொடுத்து வைக்கவில்லையே. என் புருஷனுக்குத் தெரியும், மப்ளர்காரருக்குத் தெரியும், பேர் தெரியாத அத்தனை பேருக்கும் தெரியும். உன் கையால் சாப்பிட்டு வளர்ந்த நான் மட்டும் அந்நியம்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். நீ இப்போதும் குடிக்கிறாய்தானே?

இல்லை என்று எழுதாதே. போன மாதம் நீ பேசினபோது குட்டி நடக்கப் பழகின கதையைச் சொன்னாய். முடித்ததும் திரும்பவும் முதலிலிருந்து சொன்னாய். வார்த்தை குழைந்தது. என்ன அக்கா என்றால் லைன் சரியில்லை என்றாய். அதற்கு முன்னால் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாய். வீடியோவில் முகத்தைக் காட்டி எத்தனை நாளாயிற்று? காலையில் மட்டும்தான் போன் செய்கிறாய், சாயங்காலத்தில் நான் கூப்பிட்டால் எடுப்பதே இல்லை. லைன் சரியாகத்தான் இருக்கிறது அக்கா. அந்தக் குரலோடு நான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். எனக்கு அது அட்சரம் அட்சரமாகத் தெரியும்.

இங்கே உனக்கு ஒரு நாற்காலி இருந்தது. அங்கே போய்த் தேடியே இருக்க மாட்டாய். ஊர் மாறினால் புதிதாக எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டுமே என்று சும்மா இருந்துவிட்டிருப்பாய். உன் சோம்பேறித்தனம் எனக்குத் தெரியாதா?

அதனால் நானே தேடினேன். இன்றைக்குக் கடைக்கு லீவு போட்டுவிட்டு மப்ளர்காரரைப் போய்ப் பார்த்தேன். இந்த ஊரில் இல்லை, இன்ன ஊரில் ஒரு கூட்டம் வேண்டும், பெண்கள் மட்டும் இருக்கிற கூட்டமாக இருந்தால் நல்லது என்றேன். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அங்கேயும் இங்கேயுமாகப் போன் செய்து, பழைய விலாசம் புது விலாசம் எல்லாம் சரி பார்த்து, கடைசியில் ஒரு பெண்ணிடம் என்னையே பேசச் சொன்னார். குரல் நல்ல கனமான குரல். தையல் மெஷின் பழுது பார்க்கிறவளாம். உன் பேரை நான் சொல்லவில்லை. ஒரு அக்கா வருவாள், வந்தால் ஒன்றும் கேட்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

கவனமாகப் படி. நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்தால் பஸ் நிறுத்தம். அங்கிருந்து ஆற்றுப் பாலத்தைப் பார்த்தபடி நடந்தால் நூலகம் வரும். நூலகத்துக்குள் போகாதே. அதன் பின்பக்கம் சைக்கிள் நிறுத்துகிற இடத்தை ஒட்டி இரும்புப் படி இருக்கிறது. மேலே ஏறினால் பச்சைக் கதவு. கதவில் பலகை எதுவும் இருக்காது. வியாழக்கிழமை சாயங்காலம். மழை பெய்தாலும் நடக்கும், ஒரே ஒருத்தி வந்தாலும் நடக்கும் என்று அந்தப் பெண் சொன்னாள். தட்ட வேண்டாம், தள்ளினால் திறக்குமாம். இது சரியான இடம்தான், எடை பார்க்கிற இடம் இல்லை என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

போய்விட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டாம். எத்தனை நாள் குடிக்கவில்லை என்று கணக்குக் கொடுக்க வேண்டாம். போகாமல் இருந்துகொண்டு போனேன் என்று மட்டும் சொல்லாதே, அதை என்னால் இன்னொரு தடவை தாங்க முடியாது.

மாலை வேளையில் தனியாக இருக்காதே. வெறும் வயிற்றோடு படுக்காதே. மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, குளிர் காலத்தில் உடைந்த இடம் வலிக்கும்.

எனக்கு உன் மேல் இருக்கிற கோபம் லேசில் தீருகிற கோபம் இல்லை. உன்னை உட்கார வைத்து நேருக்கு நேர் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, கேட்டு முடிக்க எனக்கு வருஷக்கணக்கில் ஆகும். அது வரைக்கும் நீ இருந்தாக வேண்டும் அக்கா. இந்த வியாழக்கிழமையே போ.

உன் தங்கை